முன்வரிசையில் ஒரு ‘ஆகா’

சுபானி பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். மாலையில் ‘கயாகும்’ வாசிப்பாள். பட்டு நரம்புகள் பூட்டிய கொரிய வாத்தியம். மடியில் கிடத்தி விரலால் மீட்டுவது. அந்த ஒலியை மின்கருவிகளுக்குள் விட்டு, இழுத்தும் நொறுக்கியும் திரும்ப எடுப்பாள். “வீணை படிச்சிருக்கலாமே, பிள்ளை?” என்று அவளிடம் சொல்லாத தமிழர் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் குறைவு. அப்பா விஜயரத்தினம் சொன்னதில்லை. கச்சேரிக்கு வந்ததுமில்லை, உணவகச் சமையலறையில் அவருக்கு எப்போதும் மாலை வேலை.

ஓய்வுபெற்ற பிறகு, சென்ற மார்ச்சில்தான் முதன்முறையாக வந்தார். கோயில் திருவிழாவில் நாதஸ்வரத்துக்கு முன்னால் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுகிற மனிதர். இங்கேயும் முன்வரிசைக்கே போனார். அவரைக் கூட்டிவந்த குடும்ப நண்பன் நான், பக்கத்தில்.

பழைய பஞ்சாலைக் கூடம். நிறைய ஜெர்மானியர், மூச்சுச் சத்தம்கூட இல்லை. சுபானி ஒரு நரம்பை அழுத்த, சுரம் வழுக்கி இறங்கி நடுங்கி நின்றது. கூட வாசித்த கொரியப் பெண் ஹேவோன் முழவில் ஓர் அடி போட்டாள்.

“ஆகா! அப்பிடிப் போடு பிள்ளை!” என்றார் விஜயரத்தினம்.

தலைகள் திரும்பின. எனக்குக் காது சுட்டது. சுபானி நிமிர்ந்தாள், முகம் கறுத்து, உதட்டில் விரல் வைத்தாள். தொடையில் இருந்த அவர் கை மெதுவாகக் கோட்டுப் பைக்குள் போனது.

இடைவேளையில், “அப்பாவைக் கூட்டிவந்திருக்கக் கூடாதண்ணை. வெக்கமாக் கிடக்கு” என்று அவள் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதே ஹேவோன் ஓடிவந்தாள்.

“யார் அது, குரல் கொடுத்தது? எங்கள் ஊரில் கேட்பவர்கள் அப்படிக் கூப்பிட்டால்தான் வாசிப்பவருக்குக் கை ஓடும். இங்கே இத்தனை வருடத்தில் ஒருத்தர் வாய் திறந்ததில்லை. ஏன் நிறுத்திவிட்டார்?”

சுபானி வாசல் பக்கம் பார்த்தாள். சியோலில் தங்கிப் படித்தவளுக்கு அது தெரியாததல்ல. அங்கே முன்வரிசைக் கிழவர்கள் கத்தும்போது சிரித்துத் தலை வணங்கியிருக்கிறாள்.

அப்பா கோட்டும் தொப்பியுமாக வாசலில் நின்றார்.

“அப்பா, உள்ள வாங்கோ.”

“இஞ்ச நிண்டே கேக்கிறன், பிள்ளை. உள்ள வந்தா என்ர வாய் சும்மா இராது. உன்ர ஆக்களுக்கு முன்னால உனக்கேன் கரைச்சல்?”

“நீங்கள் சொல்லலாம் அப்பா. சொல்லோணும்.”

“சரி சரி, வாறன். நீ போ.”

கடைசி வரிசையில் உட்கார்ந்தார். சுபானி அதே நரம்பை அழுத்தினாள். சுரம் வழுக்கி இறங்கி நின்றது. அடுத்ததற்குப் போகாமல், கையைத் தூக்கியபடி அப்பாவைப் பார்த்துக் காத்திருந்தாள். ஹேவோனும் குச்சியை இறக்கவில்லை.

விஜயரத்தினம் உதட்டில் விரலை வைத்து, பயப்படாதே, வாய் திறக்கமாட்டேன் என்பதுபோல் அவளுக்குத் தலையாட்டினார்.