மாமா கழற்றாத காலுறை

எங்கள் அப்பாவிடம் இருமலுக்கு மருந்து வாங்கப் போனாலும் முதலில் காலைக் காட்ட வேண்டும். பாலிக் புலாவ் கடைவீதியில் இருந்த அவருடைய கிளினிக்கில் இதற்கு யாருக்கும் விலக்கு கிடையாது. தலைவலியா, கால். காதுவலியா, அதற்கும் கால். டுரியான் பழத் தோட்டத்துக்காரர்கள் செருப்பை உதறிவிட்டு, சேறு காய்ந்த பாதத்தை முக்காலியில் தூக்கி வைத்த பிறகுதான் வியாதியைச் சொல்லவே ஆரம்பிப்பார்கள். ஊரில் அவருக்குக் கால் டாக்டர் என்றே பெயர். பள்ளிக்கூடத்தில் என்னைக் கால் டாக்டர் மகள் என்று கூப்பிட்டு மானத்தை வாங்கினார்கள்.

எல்லாம் பட்டாளத்துப் பழக்கம். அப்பா இளவயதில் சிப்பாயாக இருந்தவர். பகலெல்லாம் காட்டில் நடந்துவிட்டு, மாலையில் பூட்ஸைக் கழற்றி வரிசையாக உட்கார்ந்து, புண் கொப்புளம் இருக்கிறதா என்று ஒருவர் காலை ஒருவர் பார்ப்பார்களாம். பட்டாளத்தை விட்டு, மருத்துவம் படித்து, டாக்டரான பிறகும் அந்தப் புத்தி அவரை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலும் பரிசோதனை உண்டு. "கல்யாணம் ஆனதிலேருந்து இந்த மனுசன் என் மூஞ்சியவிட காலத்தான் அதிகமா பார்த்திருக்காரு" என்று சலித்துக்கொண்டே அம்மா காலை நீட்டுவார்.

எங்கள் குடும்பத்தில் அப்பா பார்த்திராத கால் மாமாவுடையது மட்டும்தான்.

மாமா அம்மாவுக்கு அண்ணன். தாய் தகப்பன் இல்லாத தங்கையை வளர்த்து ஆளாக்குவதிலேயே அவருடைய கல்யாண வயது கடந்துவிட்டது. அந்தத் தங்கை ஒரு சிப்பாயைக் கட்டிக்கொள்கிறேன் என்றதும், இன்றைக்கு இருப்பான் நாளைக்கு இருக்கமாட்டான், துப்பாக்கி தூக்குகிறவனுக்குப் பெண் கொடுக்கமாட்டேன் என்று நின்றுவிட்டார். அம்மாவும் அவர் தங்கைதானே, அதே பிடிவாதம். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் முடிந்தது. தாலி எடுத்துக் கொடுக்கவோ அட்சதை போடவோ மாமா வரவில்லை. நான் பிறந்த பிறகு அம்மாவோடு மட்டும் பேச்சு வந்தது. மலையைத் தாண்டி ஜார்ஜ்டவுனில் இருந்த மாமாவின் அடுக்குமாடி வீட்டுக்கு நாங்கள் போகும்போதெல்லாம், அப்பா எங்களைக் கீழே இறக்கிவிட்டு எதிர்க் கோப்பிக் கடையில் உட்கார்ந்திருப்பார்.

மாமாவுக்கு ஜுரு வட்டாரத்தில் கார் விற்கிற வேலை. பளபளவென்று சப்பாத்து போட்டிருப்பார். வீட்டுக்குள் வந்ததும் சப்பாத்தைக் கழற்றுவார், காலுறையைக் கழற்றமாட்டார். படுக்கும்போதும் அப்படித்தானா, குளிக்கும்போது என்ன செய்வார் என்பதெல்லாம் எனக்குப் பெரிய ஆராய்ச்சி. கேட்டால் "போ குட்டி, வேற வேலை இல்ல?" என்பார்.

அந்தத் தீபாவளிக்கு முந்திய வாரம், மாமா சுவரில் காகிதத் தோரணம் குத்திக்கொண்டிருந்தார். கீழே சிதறிய சின்ன ஆணிகளை நான் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மாமா நாற்காலியில் ஏறியபோது பார்த்தேன். அவருடைய குதிகாலில் ஓர் ஆணி தலை வரைக்கும் ஏறியிருந்தது. அதோடுதான் வீடு முழுக்க நடந்திருக்கிறார்! நான் பிடுங்கிக் காட்டியதும் அவரே திகைத்துப் போனார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒங்கப்பன்கிட்ட சொல்லிடாத லா" என்றார்.

அடேயப்பா, இதைப் போய்ச் சொல்லாமல் இருப்பதா? எனக்கு வாய் கொள்ளவில்லை. காரில் ஏறிக் கதவைச் சாத்துவதற்குள் சொல்லிவிட்டேன். "ஒங்க பட்டாளத்துல இப்படி ஒரு ஆள் இருந்தாங்களாப்பா? ஆணி ஏறுனாகூட மாமாவுக்கு வலிக்கல!"

அப்பா காரைக் கிளப்பவில்லை. எந்தக் கால், காலுறையில் கறை இருந்ததா, வாடை அடித்ததா என்று என்னைக் குடைந்தெடுத்தார். கட்டைவிரல் பக்கம் மஞ்சளாக ஏதோ இருந்தது என்றேன். அம்மாவிடம், "இனிப்புநீர், சர்க்கரை வியாதி முத்திப்போச்சு. இப்பவே பார்க்கலன்னா காலே போயிடும்" என்றார். அம்மா அங்கிருந்தே மாமாவுக்குப் போன் போட்டார். நாள்தோறும் போட்டார், அழுதும் பார்த்தார். மாமா ஆஸ்பத்திரிக்கும் போகமாட்டேன் என்றுவிட்டார். அப்பாவின் பெயரை எடுத்ததும், "அந்தப் பட்டாளத்தான்கிட்ட காலைக் காட்டுறதுக்குப் பதிலா நான் காலை வெட்டிப் போட்டுருவேன்" என்று கத்தியது எனக்கே கேட்டது. வெட்டத்தான் வேண்டிவரும் என்பது அவருக்குப் புரியவில்லையே என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

தீபாவளியன்று அப்பா கோப்பிக் கடைக்குப் போகவில்லை. வேட்டி கட்டிக்கொண்டு எங்களோடு லிஃப்டில் ஏறினார். சட்டைப் பையில் சின்ன டார்ச் லைட் துருத்திக்கொண்டிருந்தது. கதவைத் திறந்த மாமா அவரைப் பார்த்ததும் திரும்பிப் போய் சோபாவில் உட்கார்ந்தார். காலை உள்ளுக்கு இழுத்துக்கொண்டார். அம்மா முறுக்குத் தட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டார். சண்டை வரப்போகிறது என்று நான் ஆவலோடு காத்திருந்தேன்.

யாருக்கும் வளையாத எங்கள் அப்பா நெடுஞ்சாண்கிடையாக மாமாவின் காலில் விழுந்தார். "மச்சான், ஆசீர்வாதம் பண்ணுங்க."

நல்ல நாளும் அதுவுமாகக் காலில் விழுந்தவரை எப்படி உதறுவது? மாமா ஆடிப்போய் உட்கார்ந்திருந்தார். அப்பா இரண்டு கணுக்காலையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆகா, இதுதானா திட்டம் என்று எனக்கு விளங்கிவிட்டது. இனி மாமா எங்கே ஓடுவார்? ஆனால் அம்மா எதற்குத் தட்டைத் தரையில் வைத்துவிட்டு வந்து அப்பாவின் பக்கத்தில் விழுந்தார் என்பது மட்டும் விளங்கவில்லை. பிடிப்பதற்கு அப்பா ஒருவரே போதுமே.

மாமா உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டினார். சாமி படத்தடியில் இருந்த திருநீற்றை எட்டி எடுத்து, தலை நிமிர்த்திய அப்பாவின் நெற்றியில் வைத்தார், அம்மாவின் நெற்றியில் வைத்தார். வைத்துவிட்டு, என் மாமா, அந்த முரட்டு மாமா, சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார். அவர் அழுதுகொண்டிருக்கும்போதே அப்பா காலுறையை மெல்ல உருவினார். கட்டைவிரல் கறுத்துக் கிடந்தது. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஒரு விரலோட போயிரும் மச்சான். இப்பவே கிளம்புங்க" என்றார். மாமா எழுந்தார். புதுத்துணியோடு எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். விரல் போனது, கால் பிழைத்தது.

அன்றைக்கு மாமாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் திரும்புகையில், மலைப்பாதை வளைவுகளில் நான் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். "அப்பா, நீங்க காலை அமுக்கினது மாமாவுக்கு ரொம்ப வலிச்சிருச்சா?"

"இல்லம்மா. அந்தக் கால்ல உணர்ச்சியே கிடையாது. நான் தொட்டதுகூட அவருக்குத் தெரிஞ்சிருக்காது."

"அப்புறம் ஏன் மாமா அழுதாரு?"

அப்பா சாலையைப் பார்த்து ஓட்டினார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு பேர் நெற்றியிலும் திருநீறு அழியாமல் இருந்தது. பாவம், எங்கள் அப்பாவுக்குக் காலைப் பற்றித் தெரிந்த அளவுக்கு மற்ற வியாதிகள் தெரியாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே நான் தூங்கிப்போனேன்.