அம்மனுக்கு ஒரு மரவில்

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் பல வருஷமாகத் தண்ணீர்க் குழாயில்தான் அம்பு விட்டுக்கொண்டிருந்தாள். தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்குக் குழாய் போடுகிற என் மச்சான், மிச்சமான பிளாஸ்டிக் பைப்பை வளைத்து நைலான் கயிறு கட்டி, தங்கத்தாள் சுற்றிக் கொடுப்பார். விஜயதசமி சாயங்காலம் பூசாரி அம்மன் சார்பில் நாலு திசைக்கும் அம்பு விட்டு, கடைசி அம்பை வாழை மரத்தில் பாய்ச்சுவார். மகிஷாசுரனும் தவறாமல் செத்துக்கொண்டிருந்தான்.

குறை கண்டது நான்தான். கோயில் கூட்டத்தில் எழுந்து, "அம்மன் கையில பைப்பா? டூரிஸ்ட்டுங்க போட்டோ புடிச்சிட்டுப் போறாங்க, மானம் போவுது. நல்ல மரத்துல நான் செஞ்சு தரேன்லா" என்றேன். மச்சானின் முகம் சுருங்கிவிட்டது. "செய்யுங்க மச்சான், பாப்போம்" என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் என் மனைவி சோறு போடும்போதே ஆரம்பித்தாள். "எங்கண்ணன அத்தன பேரு முன்னால அசிங்கப்படுத்திட்டீங்க. அந்த வில்லு மட்டும் சரியா வரல, உங்கள நான் சும்மா விடமாட்டேன்."

லயனுக்குப் பின்னால் நேராக வளர்ந்த கொய்யாக் கிளை ஒன்றை வெட்டினேன். மரத்தை நிழலில் போட்டு மாதக்கணக்கில் காயவிடச் சொன்னது போனில் பார்த்த வீடியோ. எனக்குச் சிரிப்பு வந்தது. தேயிலை ஃபேக்டரியில் டிரையர் ஓட்டுகிறவனுக்கா காயவைக்கச் சொல்லித் தருகிறான்? கிளையைக் கொண்டுபோய் டிரையரின் சூட்டில் வைத்தேன். "கொய்யா வாசம் தூள்ல ஏறுச்சின்னா தொரைக்கு நீதான் பதில் சொல்லணும்" என்று ஃபேக்டரியைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் கத்தினார்.

மறுநாள் எடுத்துப் பார்த்தால், வெள்ளரிப்பழம் மாதிரி நுனியிலிருந்து அடிவரை வெடித்திருந்தது. பச்சை இலையை முதலில் இளங்காற்றில் வாட்ட வேண்டும், வாட்டாமல் சூட்டில் ஏற்றக் கூடாது என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களை எல்லாம் நான்தான் திட்டுவேன். ஊருக்குத்தான் உபதேசம்.

இரண்டாவது கிளையை இலை வாட்டுகிற மாடியில், உத்திரத்தில் கட்டித் தொங்கவிட்டேன். வெளியே மழையும் பனியுமாக இருந்தாலும் அங்கே அது மெல்ல மெல்லக் காய்ந்தது. பிறகு உள்பக்கம் சீவி, வளைத்துப் பார்த்து, விறைத்த இடத்தில் மறுபடி சீவ வேண்டும். எனக்கோ கத்தி படும்போதெல்லாம் முதல் கிளையின் வெடிப்புதான் கண்ணில் நின்றது. பாதியிலேயே நிறுத்திவிட்டேன். வில் உடையவில்லை. வளைந்தால்தானே உடைவதற்கு. அதை நான் வலு என்று எடுத்துக்கொண்டேன்.

விஜயதசமி அன்று என் மனைவியே தங்கத்தாள் சுற்றினாள். மேளம் முழங்க, பூசாரி நாணை இழுத்தார். ஒரு சாண் வந்தது. மறுபடி இழுத்தார், நாண் அதற்கு மேல் நகரவில்லை. "அலங்காரம் கொஞ்சம் சரி பண்ணிக்கிறேன்" என்று வில்லோடு உள்ளே போய்த் திரையை இழுத்துவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது.

திரை விலகியது. அதே தங்க வில். ஆனால் இந்த முறை அழகாக வளைந்தது. நாலு திசைக்கும் அம்பு பறந்தது, வாழையில் பாய்ந்தது, கூட்டம் கத்தியது. வளைந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அது பைப். மச்சான் கோயிலின் பின்வாசல் வழியாக, ஒன்றும் நடக்காதவர் போல வந்து நின்றார்.

"என்ன இருந்தாலும் மரவில்லு மரவில்லுதான்லா" என்றார் கோயில் தலைவர். எனக்குப் பொன்னாடை போர்த்த மச்சானையே கூப்பிட்டார்.

மச்சான் போர்த்தினார். "நல்லா செஞ்சிருக்கீங்க மச்சான்" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.