இன்னாசியின் காணாமல் போன புழுக்கை

எங்கள் ஆவூரில் ஷர்லியைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுவார்கள். அவளுடைய அண்ணன் இன்னாசியின் வீட்டில் அவள் திருடி. மற்ற வீடுகளில் கெட்டிக்காரி. எதிர்வீட்டுக்காரனான என்னைக் கேட்டால் இரண்டும் சரிதான்.

திருச்சியில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலை பார்த்து, ஐம்பது வயதில் தனியாளாக ஊர் திரும்பினாள். அப்பா அவள் பங்குக்கு விட்டுப்போனது வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம். சுத்தக் களிமண். மழையில் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். இன்னாசிக்கு அதன்மேல் ஒரு கண். செங்கல் சூளைக்கு மண்ணை வெட்டிக் கொடுத்துவிடலாம் என்று நச்சரித்தார். வெட்டினால் மிஞ்சுவது பள்ளம். அவளுக்கோ வேறு ஒரு சாண் நிலம் கிடையாது.

அப்பாவின் வருஷ நினைவுக்குச் சாமியார் வந்து கல்லறையை மந்திரித்த அன்று சொந்தக்காரர்கள் எல்லோர் முன்னாலும் ஷர்லி சொன்னாள்: "வர்ற ஈஸ்டருக்கு இந்த மண்ணுல காய்ச்ச கத்தரிக்காய ஒனக்கு ஆக்கிப் போடுறேண்ணே. முடியலைன்னா மண்ண அள்ளிக்க. முடிஞ்சா அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

இன்னாசி உடனே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட கையோடு, மணலைக் கலந்தால் களிமண் இளகிவிடும் என்று யோசனையும் சொன்னார். அண்ணன் பேச்சை நம்பி ஒரு டிராக்டர் மணலைக் கொட்டிக் கலந்தாள். ஒரு மழை பெய்து வெயில் அடித்ததும் நிலம் சிமெண்டுத் தளமாக இறுகிவிட்டது. மண்வெட்டி போட்டால் ணங்கென்றது. அதைக் கேட்டு இன்னாசி சிரித்த சிரிப்பில் எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. கூடப் பிறந்தவளிடமா இந்த வேலையைக் காட்டுவது?

சரி, எருவுக்குக் கொஞ்சம் ஆட்டுப் புழுக்கையாவது கொடு என்று கேட்டாள். அவரிடம் பட்டி நிறைய ஆடுகள். எல்லாம் இலுப்பூர் வியாபாரிக்குப் பேசியாச்சு என்று சொல்லிப் படலைச் சாத்தினார்.

அந்த ஆடுகளை மேய்க்கும் கண்ணன், உச்சி வெயிலில் அவற்றை இன்னாசியின் புளியமரத்தடியில் மடக்கிப் போடுவது வழக்கம். ஷர்லி தன் நிலத்து வேப்பமரத்தடியில் ஒரு தொட்டி வைத்து, உப்புப் போட்ட கழனித்தண்ணியை ஊற்றினாள். சுற்றிலும் கருவேலங்காயை இறைத்தாள். கண்ணனுக்கு ஒரு செம்பு மோர், தலைக்குமேல் நிழல், படுக்க ஒரு சாக்கு. சமையல்காரிக்குப் பந்தி போடச் சொல்லித்தர வேண்டுமா? ஆடுகள் புளியமரத்தையே மறந்தன. தொட்டியை இன்று இங்கிட்டு, நாளை அங்கிட்டு என்று நகர்த்தி நிலம் முழுக்கப் புழுக்கை விழ வைத்தாள். ஈரம் பதமாக இருக்கும் நாளில், கடலைத் தோலும் கொழிஞ்சித் தழையும் சேர்த்துக் கொத்திவிட்டாள். மண் இளகியதும் ஒரு பாதியில் முள்வேலி கட்டிக் கத்தரி நாற்று நட்டாள். மறுபாதியில் பந்தி தொடர்ந்தது. அந்த மண்ணில் இனி ஒன்றும் முளைக்காது என்ற நம்பிக்கையில் இன்னாசி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை; உச்சி வெயில் அவருக்குத் தூங்கும் நேரம்.

இன்னாசிக்கோ பெருங்கவலை. தின்பது குறையவில்லை, புழுக்கை மட்டும் பாதியாகிவிட்டது. ஆட்டுக்கு ஏதோ சீக்கு என்று ஒரு கிடாயை டிவிஎஸ்ஸில் வைத்து கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனார். ஆட்டுக்கு ஒன்றுமில்லை, நீங்கள் நன்றாகத் தூங்குங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். கடைசியில், தொலைந்ததை மீட்டுத் தரும் அந்தோணியாரிடம் போய், புழுக்கை திரும்பினால் ஆளுயர மெழுகுதிரி ஏற்றுவதாக நேர்ந்துகொண்டார். துணைக்கு ஷர்லியும் போய்ப் பக்கத்திலேயே முழங்காலில் நின்றாள். என்ன வேண்டினாய் என்று பிறகு கேட்டேன். கண்டுபிடித்துக் கொடுங்கள் சாமி, ஆனால் ஈஸ்டர் கழியட்டும் என்று வேண்டினாளாம். படுபாவி.

ஈஸ்டர் மதியம் இன்னாசி எண்ணெய்க் கத்தரிக்காயை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்ட பிறகுதான் சந்தேகம் வந்தது. இது விராலிமலைச் சந்தைக் காய் என்று சாதித்தவர், கையைக்கூடத் துடைக்காமல் கொல்லைக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்; விடுவேனா?

வேலிக்குள் செடிகள் காய் தாங்காமல் சாய்ந்து நின்றன. வேப்பமரத்தடியில் அவருடைய ஆடுகள் அத்தனையும் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. நடுவில் கண்ணன், சாக்கில் நல்ல தூக்கம்.

இன்னாசி குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார். கைக்குள் பொலபொலவென்று உதிர்ந்தது.

பின்னால் வந்த ஷர்லி, "அந்தோணியாரு கண்டுபிடிச்சுக் குடுத்துட்டாரு பாத்தியாண்ணே," என்றாள். "மெழுகுதிரிய மறந்துடாத."