கறியைக் கரைக்கும் காய்

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம், புதுக்கோட்டை காலேஜில் படித்துக்கொண்டிருந்த மாமா சித்திரை விடுமுறைக்கு அன்னவாசலில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அவருக்காக அடித்த கிடாய் முற்றலாகப் போய்விட்டது. கறி வேகவே இல்லை. அம்மா பப்பாளிக் காய் ஒன்றை அரிந்து அதில் போட்டாள். சற்று நேரத்தில் கறி பஞ்சாகிவிட்டது.

மாமாவுக்குப் பாடம் நடத்த ஓர் ஆள் எப்போதும் வேண்டும். அன்றைக்கு நான் அகப்பட்டேன்.

"அந்தக் காயோட பால்ல என்சைம்னு ஒண்ணு இருக்கு. ஜெர்மன்காரர் ஒருத்தர் கிரேக்கப் பாஷையிலேருந்து எடுத்து வச்ச பேரு. புளிச்ச மாவுக்குள்ள இருக்கறதுன்னு அர்த்தம். மாவு தானாப் பொங்குதுல்ல? அது மாதிரி கண்ணுக்குத் தெரியாம உள்ள இருந்து வேலை பார்க்கும்."

"சதையைக் கரைக்குமா மாமா?"

"கரைக்கும்."

"வயித்துக்குள்ள போனாலுமா?"

"போனா ஒன் வயிறும் கரைஞ்சுரும்" என்று சிரித்தார்.

அம்மா அரியும்போது நான் ஒரு துண்டைத் தின்றிருந்தேன். அன்று கறிச் சோறு எனக்கு இறங்கவில்லை. வயிறு இருக்கிறதா என்று அடிக்கொரு தரம் அமுக்கிப் பார்த்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனேன். அங்கே வைக்கோற்போர் மறைவில் சித்தி உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் தங்கை, நாலு பிள்ளைகளோடு ஒரு வாரமாக எங்கள் வீட்டில்தான் இருந்தாள். மடி நிறையப் பப்பாளிக் காய்த் துண்டுகள். முகத்தைச் சுளித்துக்கொண்டு அவசர அவசரமாக மென்றுகொண்டிருந்தாள்.

"திங்காதீங்க சித்தி. வயித்துக்குள்ள இருக்கறதெல்லாம் கரைஞ்சுரும்."

சித்தியின் கை அப்படியே நின்றது. "ஒனக்கு யாருத்தா சொன்னா?" என்றாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்குப் பயம் முற்றிவிட்டது. ஓடிப்போய் அம்மாவை இழுத்து வந்தேன்.

அம்மா துண்டுகளைப் பிடுங்கி வேலிக்கு அங்கிட்டு வீசினாள். "ஏண்டி இப்படிப் பண்ணுன?"

"நான் என்னக்கா பண்ணட்டும்?" என்று சித்தி அழுதாள். தொட்டதற்கெல்லாம் கை நீட்டும் அம்மா, அவளைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள். பிறகு என்னைப் பார்த்து, "மாமாகிட்ட வாயத் தொறக்காத" என்றாள்.

கார்த்திகையில் சித்திக்கு ஐந்தாவது குழந்தை பிறந்தது. சித்தி பிழைக்கவில்லை.

இன்னொரு பேறுகாலத்தை அவள் உடம்பு தாங்காது என்று மருத்துவச்சி முன்னமே சொல்லியிருந்ததும், பெண்கள் அந்தக் காயை எதற்குத் தின்பார்கள் என்பதும் எனக்குக் கல்யாணமான பிறகுதான் தெரியவந்தது. அந்தக் கார்த்திகை வரைக்கும், எங்கள் சித்தியின் வயிற்றைக் காப்பாற்றியவள் நான்தான் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.