ஆனி முகூர்த்தமும் அரையிறுதியும்

என் மகளுக்குக் கல்யாண நாள் குறித்தபோது, ஆனி மாதத்தில் அயர்லாந்தில் என்ன நடக்கும் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? பஞ்சாங்கத்தைப் பார்த்தோம், கோயம்புத்தூரில் இருக்கும் என் அக்காவுக்குப் போன் போட்டோம், ஆடி பிறந்துவிட்டால் ஒன்றும் நடக்காது என்று ஆனிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்தோம். காலை ஏழரையிலிருந்து எட்டரை, கடக லக்னம். மில்பிடாஸ் பக்கத்திலேயே மண்டபமும் கிடைத்துவிட்டது. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு, அதாவது என் சம்பந்திக்கு, போனில் தேதியைச் சொன்னேன். ஒரு நொடி சத்தமே இல்லை. பிறகு "லவ்லி" என்றார்.

சம்பந்தி அயர்லாந்தின் மேற்குக் கரைக்காரர். இளவயதிலேயே இங்கே வந்து, வீடு கட்டும் வேலை பார்த்து, மனைவியை இழந்து, சான்டா கிளாராவில் தனியாக இருக்கிறார். நல்லதற்கும் லவ்லி, கெட்டதற்கும் லவ்லி. மனுஷர் மனதில் என்ன இருக்கிறது என்று பிடிபடவே படாது. அவர் பேசுவது எல்லாம் ஆங்கிலம்தான். எனக்கு என்னவோ அது தமிழில்தான் நினைவிருக்கிறது.

கல்யாணப் பேச்சுக்கு ஞாயிறு காலைதான் எல்லோருக்கும் ஒழிந்தது. நாங்கள் போகும் போதெல்லாம் அவர் வீட்டில் ஒரு கூட்டம் இருக்கும். அயர்லாந்தில் சாயங்காலம் ஆடும் ஆட்டம் நமக்கு விடிகாலை அல்லவா? அதைப் பார்க்க வந்த அவர் ஊர்க்காரர்கள். கேலிக் ஃபுட்பால் என்று பெயர். கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். கம்பத்துக்கு மேலே போனால் பாயின்ட், கீழே வலைக்குள் போனால் கோல், அது மூன்று பாயின்ட்டுக்குச் சமம். ஆடுகிறவன் யாருக்கும் சம்பளம் கிடையாதாம். அவனவன் பிறந்த கவுண்டிக்காக, அதாவது நம்ம மாவட்டம் மாதிரி, ஆடுகிறான், திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போய்விடுகிறான். முதலில் கேட்டபோது, இது என்ன பைத்தியக்காரத்தனம் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் ஆட்டம் முடிந்த பிறகு நடக்கும் பேச்சு இருக்கிறதே, அதற்கு நான் மெல்ல மெல்ல அடிமையாகிவிட்டேன். பின்கட்டில் எலுமிச்சை மரத்தடியில் நாற்காலிகளைப் போட்டுக்கொள்வார்கள். பால் ஊற்றிய கடும் டீ, நம்ம டீ மாதிரியே இருக்கும். பனிமூட்டம் இன்னும் விலகியிருக்காது. பக்கத்து வீட்டில் புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய் சிக் சிக் என்று சுற்றும். நானோ வாரம் முழுக்க ஆபீஸில் உழைத்த களைப்பில் பாதித் தூக்கத்தில் இருப்பேன். கண்ணை மூடினால் அவர்கள் குரல் மட்டும் மிதந்து வரும். இனி வருவதெல்லாம் நாக்அவுட், தோற்றால் வீடு. குலுக்கலில் யார் வருவார்கள், அந்த கோல்கீப்பர் நடு மைதானம் வரைக்கும் ஏறி வருகிறானே அவனை யார் மறிப்பது, தூரத்திலிருந்து அடித்தால் இரண்டு பாயின்ட் என்று புது விதி வந்தது நல்லதா நாசமா என்று ஒரே வாக்குவாதம். அதில் ஒரு நர்ஸம்மா இருந்தார். அவர் குரல்தான் உச்சத்தில் நிற்கும். "காத்து மட்டும் நம்ம பக்கம் இருந்தா" என்று ஆரம்பிப்பார். உடனே எல்லோரும் கப்பென்று வாயை மூடிக்கொள்வார்கள். யாராவது ஒருவர் குனிந்து நாற்காலிக் கட்டையைத் தட்டுவார்.

ஏன் தட்டுகிறார்கள் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நானும் அந்த ஜாதிதான். க்ரீன் கார்டு கைக்கு வரும் வரை வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்க விட மாட்டேன். "எல்லாம் நல்லபடியா போகுதுங்களா?" என்று யாராவது கேட்டால், "ஏதோ போகுதுங்க" என்பேன். கண் பட்டுவிடும் என்ற பயம். இவர்களுக்கும் அதே பயம், பெயர்தான் வேறு; மரக்கட்டையைத் தட்டினால் கழிந்துவிடும் என்று நம்பிக்கை.

விஷயம் என் மகள் வாயிலிருந்துதான் வந்தது. ஒரு ஞாயிறு, வீட்டுக்குத் திரும்பும்போது ஃப்ரீவேயில் சொன்னாள்.

"அம்மா, உனக்குத் தெரியுமா? அவங்க கவுண்டி க்வார்ட்டர் ஃபைனல் ஜெயிச்சா, செமி ஃபைனல் நம்ம முகூர்த்தத்தன்னிக்கு வருது. எட்டு மணிக்கு. எக்ஸாக்ட்லி தாலி கட்டற டைம்."

"அட கடவுளே! அப்புறம் ஏன்டி அவர் ஒரு வார்த்தை சொல்லலை?"

"ஹவ் கேன் ஹி? சொன்னா, நாங்க செமிக்கு வந்துடுவோம்னு அவரே சொன்ன மாதிரி ஆயிடுமே. ஜின்க்ஸ் ஆயிடும்மா."

என் வீட்டுக்காரர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி சிரித்தார். "பஞ்சாங்கத்துல ஃபுட்பாலும் போட்டிருந்தா பாத்திருக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சம்பந்திக்கு ஓர் அண்ணன் உண்டு. கல்யாணம் செய்துகொள்ளாதவர். பிறந்த வீட்டிலேயே இருக்கிறார். போன வருடத்திலிருந்து உடம்புக்கு முடியவில்லை, ஜன்னலோரம் கட்டிலோடு கிடக்கிறார். கல்யாணத்துக்கு வரும் பேச்சே இல்லை. தம்பி கடல் கடந்து வந்த நாளிலிருந்து, கவுண்டி ஆடும் நாக்அவுட் ஆட்டம் ஒன்றைக்கூட இருவரும் தனித்தனியாகக் கேட்டதும் இல்லை, பார்த்ததும் இல்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு டீவி பக்கத்தில் சாய்த்து வைத்துவிடுவார்கள். பெரிதாக ஒன்றும் பேசுவதில்லை. ஒருவர் மூச்சுவிடுவது மற்றவருக்குக் கேட்கும், அவ்வளவுதான். இங்கே படம் கொஞ்சம் தாமதமாக வரும் என்பதால், அண்ணன் கத்துவதுதான் முதலில் கேட்கும். பந்து எங்கேயோ நடு மைதானத்தில் இருக்கும், போனில் "ஓ!" என்று சத்தம் வரும், கோல் விழப்போகிறது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். தம்பி டீவியைப் பார்க்க மாட்டார், போனைப் பார்த்துச் சிரிப்பார். கனவில் வருகிற மாதிரி இருக்கும் எனக்கு அது.

அந்த மனுஷருக்கு இந்த வருடம்தான் கடைசியாக இருக்கலாம் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அப்படியிருக்க, அந்த அரையிறுதி அன்றைக்குத் தம்பி மணவறையில் நிற்பார், அண்ணன் ஊமை போனோடு தனியாகக் கிடப்பார். பேசாமல் காலிறுதியில் தோற்றுத் தொலைக்கட்டுமே என்றுகூட மனசு ஒரு நிமிடம் போனது. சீ, என்ன புத்தி இது என்று தலையில் தட்டிக்கொண்டு ஐயருக்குப் போன் போட்டேன்.

"சாமி, முகூர்த்தத்தைக் கொஞ்சம் முன்னாடி தள்ள முடியுங்களா? ஒரு மேட்ச் இருக்குங்க."

"கிரிக்கெட்டாம்மா?"

"இல்லைங்க, ஐரிஷ்காரங்க ஃபுட்பால்."

அவர் சிரித்துவிட்டார். "சூரியன் உதிச்ச கொஞ்ச நேரத்துலயே கடக லக்னம் வந்துடறது. ஆறேகால்லேந்து ஏழேகால் வெச்சுக்கலாம். எட்டு மணிக்கு டிஃபனுக்கு உக்காந்துடலாம். ஆனா நீங்கள்லாம் ராத்திரியோட ராத்திரியா எழுந்து ரெடியாகணும், பரவாயில்லையா?"

"பழியை உங்க மேல போட்டுக்கட்டுங்களா? காரணத்தை நான் யார்கிட்டயும் சொல்ல முடியாதுங்க."

"தாராளமா. எனக்கு அன்னிக்கு இன்னொரு கல்யாணம் இருக்குன்னு சொல்லிடுங்கோ."

அப்புறம் பார்க்க வேண்டுமே! டெக்ஸாஸில் இர்விங்கிலிருந்து வரவேண்டிய என் நாத்தனார் போனிலேயே பொரிந்து தள்ளினார். "அந்த நேரத்துல எந்த பியூட்டீஷியன் வருவா? ஐயருக்காக நாம கல்யாணம் பண்றமா?" நான் வாயே திறக்கவில்லை. திறந்தால் அந்தக் கவுண்டி ஜெயிக்காது. அந்த அளவுக்கு ஆகிவிட்டிருந்தது என் நிலைமை. சம்பந்தியிடம் புது நேரத்தைச் சொன்னேன். மறுபடியும் அந்த ஒரு நொடி. மறுபடியும் "லவ்லி."

இனி மனசாரச் சாமியிடம் வேண்டிக்கொள்ளலாம் என்று ஒரு நிம்மதி வந்தது. வேண்டிக்கொண்டேன். காலிறுதி அன்றைக்குக் குளித்து விபூதி வைத்துக்கொண்டு போய், போன முறை ஜெயித்தபோது உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். நர்ஸம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், நீயும் எங்கள் ஆள்தான் என்பது போல.

கடைசி நிமிடம் ஒரே ஒரு பாயின்ட் பின்தங்கியிருந்தோம். பந்து நம்ம பையன் கையில். அவன் நிமிர்ந்து கம்பத்தைப் பார்க்கிறான், நாங்கள் எல்லோரும் எழுந்துவிட்டோம். அப்போது போனில் சத்தமாக ஒன்றும் வரவில்லை. "ஆ..." என்று ஒரு மூச்சு, அவ்வளவுதான். டீவியில் அவன் இன்னும் உதைக்கவே இல்லை. எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பிறகு அவன் உதைத்தான், பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பி வந்ததை நாங்கள் நின்றபடியே பார்த்தோம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏதோ ஊர், யாரோ பையன், நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கிறேன். "பிரச்சினை தீர்ந்ததுன்னு சந்தோஷப்படுவேன்னு பாத்தா அழறியே!" என்றார் என் வீட்டுக்காரர். "நீங்க சும்மா இருங்க" என்று எரிந்து விழுந்தேன்.

கூட்டம் கலைந்த பிறகு சம்பந்தி எலுமிச்சை மரத்தடிக்கு எனக்கு ஒரு டீ கொண்டு வந்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். "ஐயரை இனி தூங்க விடலாம். கல்யாணத்தை ஏழரைக்கே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

தூக்கிவாரிப் போட்டது. எல்லாம் தெரிந்திருக்கிறது இவருக்கு! தெரிந்தும், நான் சொல்லக்கூடாது என்று நானும், அவர் சொல்லக்கூடாது என்று அவரும், இத்தனை நாள் ஒருவருக்கொருவர் நடித்திருக்கிறோம்.

"உங்கள் அண்ணன் எப்போது நன்றாக முழித்திருப்பார்?" என்று கேட்டேன்.

"மத்தியானம் மூன்று வரைக்கும். பிறகு மருந்து அசத்திவிடும். மேட்ச் என்றால் மல்லுக்கட்டி முழித்திருப்பார்."

அங்கே மத்தியானம் என்றால் இங்கே விடிகாலை. "அப்படியானால் ஆறேகால்தான். மேட்சுக்காக மாற்றினேன், அண்ணனுக்காக இருக்கட்டும்" என்றேன். அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். அன்றைக்கு லவ்லி வரவில்லை. என் கையை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

கல்யாணத்தன்று வெளியே இன்னும் சாம்பல் வெளிச்சம். மண்டபத்துக்குள் மல்லிகையும் காபியும் மணக்க, பாதிப் பேர் தூக்கக் கலக்கத்தில் மிதந்துகொண்டிருந்தார்கள். சம்பந்தி ஒட்டிக்கோ வேட்டியை நம்பாமல் மேலே பெல்ட்டும் போட்டிருந்தார். புடவை கட்டிய நர்ஸம்மா, அண்ணன் தெரியும் டேப்லெட்டைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி மார்போடு தூக்கி வைத்திருந்தார். அண்ணன் தலையணை அடுக்கிச் சாய்ந்திருந்தார். ஆள் கழுத்தும் கண்ணுமாக இருந்தார். ஆனால் கவுண்டி சட்டை போட்டிருந்தார்! எது முக்கியமான கட்டம் என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று முதல் நாளே கேட்டிருந்தாராம். மேளம் பைத்தியம் பிடித்த மாதிரி அடிக்கும்போது என்று தம்பி சொல்லியிருந்தார்.

கெட்டி மேளம் முழங்கியது. மாப்பிள்ளை தாலி கட்டினார், நாங்கள் அட்சதை போட்டோம். மேளம் ஓய்ந்து, நாதஸ்வரமும் அடங்கி, ஒரு கணம் மண்டபமே அமைதியானது. மண்டபத்து வைஃபை இழுத்து இழுத்துத்தான் வேலை செய்தது. அந்த அமைதியில் டேப்லெட்டிலிருந்து "ஓ!" என்று ஒரு கத்தல், கோல் விழுந்த மாதிரி. ஜன்னலோரக் கட்டிலில் அவர் இரண்டு கையையும் தூக்கியிருந்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாருங்க அது?" என்றார். "பெரிய மாமனார்" என்றேன்.

எட்டு மணிக்கு எல்லோரும் டிஃபன் சாப்பிடப் போய்விட்டார்கள். நான் கேசரி கொண்டு போனபோது, சம்பந்தி காலி மணவறையோரம் உட்கார்ந்து, ஏதோ இரண்டு கவுண்டிகள் ஆடும் அரையிறுதியை அண்ணனோடு பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் மருந்தோடு மல்லுக்கட்டி முழித்திருந்தார். "அடுத்த வருடம்..." என்று ஆரம்பித்தவர், சட்டென்று நிறுத்திக்கொண்டார். தம்பி தலையைக் குனிந்துகொண்டார். அவர்கள் பழக்கப்படி நிறுத்தினாரா, அடுத்த வருடம் என்ற ஒன்று தனக்கு இல்லை என்று நிறுத்தினாரா என்று எனக்குத் தெரியவில்லை. வாழ்நாளெல்லாம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தவள், குனிந்து டேப்லெட்டைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிவிட்டேன். "அடுத்த வருடம் உங்கள் கவுண்டி ஃபைனலுக்கு வரும். நீங்கள் உட்கார்ந்து பார்ப்பீர்கள்."

"ஐயோ!" என்பதற்கு அவர்கள் மொழியில் என்னவோ, அதை இருவரும் ஒரே நேரத்தில் அலறினார்கள். சம்பந்தி கட்டையைத் தேடித் தவித்தார். மேஜை பிளாஸ்டிக், நாற்காலி இரும்பு. நான் ஓடிப்போய், பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருந்த மணைப் பலகையைத் தூக்கி வந்து அவர் மடியில் வைத்தேன். டொக் டொக்கென்று தட்டினார். நானும் தட்டினேன். பிறகு இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு டேப்லெட்டையே பார்த்தோம். கொஞ்சம் தாமதமாக, அந்தப் பக்கத்திலிருந்து, கட்டில் கட்டையைத் தட்டும் சத்தம் வந்தது.