ரெக் புஷ்ஷும் நான்கு சிவப்புப் பொட்டும்

போன கிழமை மகள் யன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்து நகத்துக்குக் கியூடெக்ஸ் பூசிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஏதோ கலைவிழா. உங்களுக்கு அந்த வாசம் கல்யாண வீட்டை ஞாபகப்படுத்தலாம். எனக்கு உள்ளங்கை வியர்க்கும். எழுந்து போய்க் கேஸ் அடுப்பு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். பூட்டித்தான் இருந்தது. வந்து உட்கார்ந்தேன். பிறகு மறுபடியும் போய்ப் பார்த்தேன்.

நான் அப்படிப்பட்ட ஆள். வீட்டைப் பூட்டிவிட்டுப் பஸ் ஏறி, பூட்டினேனா என்ற சந்தேகத்தில் அடுத்த தரிப்பிலேயே இறங்கி நடந்து வருகிறவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் இந்தக் குணம்தான் காரணம் என்று அம்மா சொல்லுவா. ஒரு கணக்கைச் செய்துவிட்டு அது சரியா என்று பார்ப்பதற்குள் பரீட்சை முடிந்துவிடுமாம்.

இப்படியான ஒருவனைக் கொழும்பு கொட்டாஞ்சேனையில் தன் கராஜில் வேலைக்கு வைத்திருந்தவர் மகேசன் அண்ணை. "பிரேக் பூட்டப் பயந்தவன்தான் வேணும். துணிஞ்சவன் ஆளைக் கொன்றுபோடுவான்" என்பார். அவர் மனைவி பூசி மிச்சம் விட்ட கியூடெக்ஸ் போத்தல்கள்தான் எங்கள் மேசையில் இருக்கும். ஒரு போல்ட்டை இறுக்கி முடித்தால் அதன் தலையில் ஒரு சிவப்புப் பொட்டு. பொட்டு இருந்தால் இறுக்கியாயிற்று. கார் வெளியே போகுமுன் எங்கள் இருவரில் இறுக்காதவர் வந்து பொட்டுகளைப் பார்ப்பார். "பொட்டு வைச்சாச்சு, இனிப் பொம்பிளையைக் கூட்டிக்கொண்டு போகலாம்" என்று அண்ணை காரின் சொந்தக்காரருக்குச் சொல்லிச் சாவியைக் கொடுப்பார்.

பெற்றோலுக்கு ஊரே வரிசையில் நின்ற காலம். பகலிலும் கரண்ட் போகும். அந்த நேரத்தில்தான் வெள்ளவத்தை நிரஞ்சன் தன் காரைக் கொண்டுவந்தான். நிலத்தோடு ஒட்டின கார், டர்போ பூட்டினது, மிதித்தால் விசில் அடிக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முதலில் உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம் வரும், அதற்குப் பிறகுதான் சக்கரம் திரும்பும். சக்கரங்களைத் திருப்புகிற ஸ்டியரிங் ரெக்கைக் காரின் உடம்போடு பிடித்து வைத்திருக்கும் இரண்டு ரப்பர் புஷ்ஷும் தேய்ந்துவிட்டன. கழற்றினபோது எண்ணெயில் ஊறிக் கறுத்த மஸ்கட் அல்வாத் துண்டுகள் மாதிரிக் கையோடு வந்தன. சாமான் இறக்குமதி நின்றிருந்த காலம். டுபாயிலிருந்து யாரோ கூட்டாளி மூலம் மஞ்சள் நிறத்தில் கட்டியான புஷ் இரண்டு எடுப்பித்திருந்தான். அதைப் போட்டால் பந்தயக் கார் மாதிரி இருக்கும் என்றான். அன்று பின்னேரம் தாயை ஹைவேயால் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வெளிநாட்டில் அவவின் மகளுக்குப் பேறுகாலம்.

புதுப் புஷ்ஷைச் சவர்க்காரத் தண்ணீர் தடவி ஏற்றி, ரெக்கை வைத்து, நான்கு போல்ட்டையும் கையால் பிடிக்கவிட்டபோது கரண்ட் போகிற நேரம் நெருங்கிவிட்டது. உள்ளே யன்னல் இல்லாத கராஜ். என் போனில் சார்ஜும் இல்லை. இருட்டில் ஸ்பானர் பிடிக்கலாம், பொட்டு வைக்க முடியாது. அதனால் வெளிச்சம் இருக்கும்போதே நான்குக்கும் பொட்டை வைத்துவிட்டு, பிறகு இருட்டில் தடவித் தடவி இறுக்கினேன். அந்த நேரம் அது கெட்டித்தனமாகத்தான் தெரிந்தது.

கார் போய்விட்டது. கை கழுவிக்கொண்டு நிற்கும்போது தொடங்கியது. மூன்றை இறுக்கினது கைக்கு ஞாபகம். நான்காவது?

"அண்ணை, ரெக் போல்ட் பாத்தனீங்களோ?"

"பாத்தனான். போன் லைற் அடிச்சு. நாலு பொட்டும் இருக்கு."

"ஸ்பானர் போட்டுப் பாத்தனீங்களோ?"

"உனக்கென்னடா விசரே? பொட்டு இருக்கு எண்டுறன். போய்க் கேஸ் அடுப்பைப் பார்."

பொட்டை முதலிலேயே வைத்ததைச் சொன்னேன். அவருடைய சிரிப்பு நின்றது. ரெக் கழன்றால் கை ஒரு பக்கம் திருப்பும், கார் தன் பாட்டில் போகும். ஹைவேயில், அந்த வேகத்தில். நிரஞ்சனுக்கு அழைத்தோம், போனை நிறுத்தி வைத்திருந்தான்.

"ஓடு" என்றார்.

ஓட்டோவுக்குப் பெற்றோல் இல்லாத நாட்கள். ஸ்பானரை இடுப்பில் செருகிக்கொண்டு, பக்கத்து இளநீர்க்காரரின் சைக்கிளை எடுத்தேன். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரை அப்படி ஒரு மிதி நான் மிதித்ததில்லை. தெரிந்த கடவுள்களையெல்லாம் கூப்பிட்டேன். தேவாலயத்தைத் தாண்டும்போது அந்தோனியாரையும் விடவில்லை. தெருவில் எங்கே கூட்டம் கண்டாலும் விபத்தோ என்று எட்டிப் பார்ப்பேன். கிட்டப் போனால் பேக்கரியில் பாண் வாங்குகிற கூட்டம்.

பம்பலப்பிட்டி தாண்டினதும் பெற்றோல் கியூவில் அந்தக் காரைக் கண்டேன். தலைவிதியே என்று எல்லோரும் திட்டிக்கொண்டு நின்ற கியூவைக் கும்பிட்டவன் நான் ஒருத்தன்தான்.

"அம்மாவை இறக்குங்கோ. ஜக்கை எடுங்கோ."

"அண்ணை, இப்பதான் கியூ நகரப்போகுது."

"இறக்குங்கோ, தம்பி."

தாய் குடையோடு நடைபாதையில் போய் நின்றா. "பிளேன் போயிடுமப்பு" என்று மெல்லச் சொன்னா. நான் அந்தக் காரின் அடியில், ஒரு ஜக்கை மட்டும் நம்பி, மல்லாக்காகப் புகுந்தேன். முன்னால் கியூ நகர்ந்தது. பின்னால் ஹோர்ன்கள் தொடங்கின. பின்னாலிருந்த ஓட்டோக்காரர் இறங்கி நின்று "பொட்டக் இன்ன, பொட்டக் இன்ன" என்று சிங்களத்தில் எல்லோரையும் பொறுக்கச் சொன்னார். அந்த மனிதரின் முகத்தை நான் பார்க்கவேயில்லை. செருப்பை மட்டும்தான் பார்த்தேன்.

ஒன்று அசையவில்லை. இரண்டு அசையவில்லை. மூன்று அசையவில்லை. நான்காவது கால் சுற்றுப் போனது.

"லூசா, அண்ணை?"

தாய் குனிந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா. "இல்லை. சும்மா ஒருக்காப் பாத்தனான்" என்றேன்.

இருட்டுப்பட முன் கராஜுக்குத் திரும்பிவிட்டேன். மகேசன் அண்ணை ஒழுங்கை முகப்பிலேயே நின்றார். கால் சுற்றைச் சொன்னேன். என் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தார். "இந்தக் கையால பயத்தில இறுக்கினா எந்தப் போல்ட்டும் கால் சுத்துப் போகும். அது முந்தியே இறுக்கமாத்தான் இருந்திருக்கும். போய்ச் சாப்பிடு" என்றார். அன்று நான் நித்திரை கொண்டது அந்த வார்த்தையால்தான்.

நிரஞ்சன் காரை விற்றுவிட்டுத் தாய் போன நாட்டுக்கே போய்விட்டான். மகேசன் அண்ணையும் கனடாவுக்குப் போய்விட்டார். கராஜ் இருந்த இடத்தில் இப்போது மாடிவீடு. நான் வேறொரு இடத்தில் டயர் மாற்றுகிறேன். அங்கே யாரும் யாருடைய வேலையையும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கியூடெக்ஸ் மணத்த அன்றிரவு கண்ணை மூட முடியவில்லை. விடிந்ததும் கனடாவுக்கு அழைத்தேன். அது முந்தியே இறுக்கமாத்தான் இருந்தது என்ற அந்த வார்த்தையை அவர் இன்னொரு தரம் சொன்னால் போதும் எனக்கு.

"அண்ணை, அண்டைக்கு அந்த ரெக் போல்ட், கால் சுத்து..."

"எந்தக் காரடா?"

சொன்னேன். விசிலைச் சொன்னேன், மஞ்சள் புஷ்ஷைச் சொன்னேன், சைக்கிளைச் சொன்னேன். "அப்பிடி எத்தினை செய்தம்" என்றார். பிறகு அங்கே பனி கொட்டுகிற விதத்தைச் சொல்லத் தொடங்கினார். நான் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.