செயலாளரின் ஏணி

எங்கள் சேவைச் சங்கத்தின் செயலாளரோடு நான் பேசி இரண்டு வருடம் ஆகிறது.

எல்லை பிரித்தபோது கேரளத்தோடு நின்றுவிட்ட எங்கள் தனுவச்சபுரத்தில் சங்கம் கட்டிய பேருந்து நிழற்குடையில் ஊர்ப் பெயரைத் தமிழிலும் எழுதச் சொன்னேன். "எல்லைப் போராட்டம் எப்பவோ முடிஞ்சாச்சு சாரே" என்று கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சிரித்தார். அன்றே சங்கத்தை விட்டு வெளியேறினேன்.

இன்று அந்த நிழற்குடைக்குச் சங்கத்தார் புதிதாக வண்ணம் அடித்தார்கள். மதியத்துக்கு மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் ஆக்கித் தருவதாக என் மனைவி ஒப்புக்கொண்டிருக்கிறாள், என்னிடம் கேட்காமலே. பாத்திரத்தைச் சுமந்து போனது நான்.

மீன்கறி மணத்துக்கு எல்லோரும் ஓடிவந்தார்கள், ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் உட்பட. ஏணி உச்சியில் செயலாளர், சுவரைப் பார்த்தபடி. ஏணி ஆடியது. வேறு வழியில்லாமல் நான் பிடித்தேன்.

"எலே, யாராக்கும் கீழ? பிடிச்சிருக்கியா?"

நான் வாய் திறக்கவில்லை.

"ஒரு வாக்கு சொல்லு மக்கா! குனிஞ்சு பாக்கப் பயமா உண்டு."

அண்ணாந்து பார்த்தேன். மலையாளப் பெயருக்குக் கீழே, தமிழில் பாதி எழுதியிருந்தார்.

"பிடிச்சிருக்கேன்" என்றேன்.

மேலே தூரிகை பாதி எழுத்தில் நின்றது.

"சாரா? அய்யோ! அப்ப நான் எறங்கல்ல, இங்கயே இருக்கேன்."

மீதி எழுத்துகளை அவர் எழுதி முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை. இறங்கி வந்தவர் முதலில் கேட்டது, "மீனு மிச்சம் உண்டா சாரே?"

பதில் சொல்லாமல் பாத்திரத்தைக் காட்டினேன்.

நான் பேசியது ஏணியோடுதான், அவரோடு அல்ல. மனைவி இதை ஏற்க மறுக்கிறாள். நீங்களாவது நியாயம் சொல்லுங்கள்.